ஆஸ்பத்திரியில் இருப்பவரின் சாப்பாடு: தருமபுரி, கிருஷ்ணகிரி வார்டுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டு செவிலியர்களுக்கும், நோயாளியுடன் தங்கியிருக்கும் வீட்டாருக்கும் இந்தப் பக்கம். மருந்துச் சீட்டில் எழுதியது ஒரு வேளை தவறினால் எல்லோரும் பதறுகிறோம். மூன்று வேளைச் சாப்பாடு தவறினால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தக் கோளாறைப் பற்றியவை.

நோயாளிக்குச் சத்துக் குறைவு என்பதை அட்மிஷன் அன்றே எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று கேள்விகள் போதும், ஐந்து நிமிட வேலை.

முதலாவது, உயரத்துக்கேற்ற எடை. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். 20-க்கு மேல் என்றால் 0 மதிப்பெண், 18.5 முதல் 20 வரை 1, 18.5-க்குக் கீழே 2.

இரண்டாவது, கடந்த மூன்று முதல் ஆறு மாதங்களில் தானாகக் குறைந்த எடை. 5 சதவீதத்துக்குள் 0, 5 முதல் 10 வரை 1, அதற்கு மேல் 2. பழைய எடை யாருக்கும் நினைவிருக்காது. வேட்டியோ பாவாடையோ இடுப்பில் நிற்காமல் இறங்குகிறதா, மோதிரம் கழன்று விழுகிறதா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா என்று கேளுங்கள். உடனே பதில் வரும்.

மூன்றாவது, கடும் நோயால் ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட வாய்ப்பில்லை என்றால் 2.

கூட்டினால் 0 என்றால் வாரம் ஒருமுறை மறுபடி பார்க்கலாம். 1 என்றால் மூன்று நாள் சாப்பிட்ட அளவைக் குறித்து வையுங்கள். 2 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே உணவியல் நிபுணருக்கும் டாக்டருக்கும் சொல்ல வேண்டும். குண்டாக இருப்பவரை இதில் தவறாக விட்டுவிடுகிறோம். 85 கிலோவிலிருந்து இரண்டு மாதத்தில் 74 ஆனவர் பார்க்க நன்றாகத்தான் இருப்பார், ஆனால் அவருக்கும் மதிப்பெண் 2.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்களில் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுபவர்கள். "பசி எப்படி இருக்கு?" என்று தமிழில் கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். அந்த மொழி தெரிந்த ஒருவரை வைத்துக் கேளுங்கள்.

எடை மெஷினில் நிற்க முடியாதவருக்கு என்ன செய்வது?

கையை அளந்தால் போதும். இடது தோள் எலும்பின் முனையிலிருந்து முழங்கை முனை வரை அளந்து நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். கையைத் தளரத் தொங்கவிட்டு, அந்த இடத்தில் டேப்பைச் சதையில் அழுந்தாமல் சுற்றுங்கள். பெரியவர்களுக்கு 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் பி.எம்.ஐ. 20-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம்.

கால் வீக்கம், வயிற்றில் நீர் உள்ளவரிடம் எடை ஏமாற்றும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. வீக்கம் வடியும்போது எடை குறைவதும், வீக்கம் ஏறும்போது கூடுவதும் சத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. இவர்களுக்கும் கை அளவே நம்பகமானது.

ஆல்புமின் குறைவு என்று ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது. அதுதானே சத்துக் குறைவு?

இல்லை. காய்ச்சல், தொற்று, அறுவை எது வந்தாலும் ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் இறங்கும். அது நோயின் தீவிரத்தைக் காட்டும். ஆல்புமின் பாட்டில் ஏற்றுவது சாப்பாட்டுக்கு ஈடாகாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு தேவை?

பெரும்பாலான நோயாளிகளுக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 45 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 1,125 முதல் 1,350 கலோரியும் 54 முதல் 67 கிராம் புரதமும் ஆகும். கலோரி எப்படியாவது வந்துவிடும், தடுமாறுவது புரதத்தில்தான்.

அந்த 45 கிலோ ஆளுக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு முட்டை 13 கிராம். 400 மில்லி பால் 12. பச்சையாக நிறுத்து 80 கிராம் பருப்போ பயறோ 18. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலை 7. சோறு, இட்லி, களியிலிருந்து 15. மொத்தம் 65. இதில் முட்டையையும் கடலையையும் எடுத்துவிட்டுப் பருப்புக்குப் பதில் ரசம் ஊற்றினால் 30-ஐத் தாண்டாது. ரசம் சோறு மட்டுமே சாப்பிடுபவருக்குப் புண் ஏன் ஆறவில்லை என்பதற்கு இங்கேயும் ஒரு காரணம் இருக்கிறது.

"ட்ரிப்ஸ் ஏறுதே, அப்புறம் சாப்பாடு எதுக்கு?"

500 மில்லி குளுக்கோஸ் பாட்டிலில் (5 சதவீதம்) இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், 85 கலோரி. மூன்று பாட்டில் ஏறினாலும் ஐந்து இட்லிக்குச் சமம், புரதம் துளியும் இல்லை. சலைன் பாட்டிலில் கலோரியே கிடையாது. ட்ரிப்ஸ் நீருக்கும் உப்புக்கும் மருந்துக்குமானது. நரம்பு வழியாக முழு உணவே கொடுக்கும் முறை வேறு. அதற்குத் தனிப் பைகளும் பெரும்பாலும் பெரிய ரத்தக்குழாயில் வைக்கும் குழாயும் வேண்டும். குடல் வேலை செய்தால் அதற்கு அவசரமில்லை.

ராகிக் கஞ்சி மட்டும் கொடுத்தால் போதாதா?

நம் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு முதலில் வருவது தூக்குப் போசியில் ராகிக் கஞ்சிதான். ராகி நல்ல தானியம், 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிய சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. குறை ராகியில் இல்லை, அதில் சேர்க்கும் தண்ணீரில். கட்டியாக இருந்தால் நோயாளியால் குடிக்க முடியவில்லை என்று நீர்க்கக் கரைக்கிறோம். ஒரு டம்ளரில் 15 கிராம் மாவு போனால் 50 கலோரியும் 1 கிராம் புரதமும்தான் மிஞ்சும். வயிறு நிரம்பிவிடும், அடுத்த வேளை பசிக்காது.

இதற்கு ஊரிலேயே விடை இருக்கிறது, முளைகட்டிய மாவு. ராகியை 12 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் வடித்து, ஈரத் துணியில் ஒன்று முதல் ஒன்றரை நாள் கட்டி வையுங்கள். முளை விட்டதும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்து, அரைத்துக்கொள்ளுங்கள். சிவக்க வறுக்கக் கூடாது. முளையில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைக்கக் கூடியது, சூட்டில் அது செத்துவிடும். முதலில் சாதாரண மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சுங்கள். கொதி அடங்கி, விரல் வைத்தால் சுடும் அளவுக்கு ஆறியதும் ஒரு டீஸ்பூன் முளைமாவைப் போட்டுக் கிளறுங்கள். கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த கஞ்சி சில நிமிடத்தில் இளகிவிடும். பிறகு ஒருமுறை கொதிக்கவிட்டு இறக்குங்கள், முளைமாவில் கிருமி இருக்கலாம். இப்படிச் செய்தால் அதே டம்ளரில் இரண்டு மடங்கு மாவு போகும்.

அதற்குமேல் சேர்மானம்: ராகி மாவு 30 கிராம், பொட்டுக்கடலை மாவு 15, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை 10, வெல்லம் 10, பால் 100 மில்லி, எண்ணெய் அல்லது நெய் ஒரு டீஸ்பூன். ஏறக்குறைய 350 கலோரியும் 10 கிராமுக்கு மேல் புரதமும் கிடைக்கும். பழைய டம்ளரைப்போல் ஏழு மடங்கு கலோரி.

ஒரு எச்சரிக்கை. கிராமத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறியும். வீட்டில் கஞ்சிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே நல்லது.

சர்க்கரை நோயாளிக்குச் சோற்றுக்குப் பதில் ராகிக் கஞ்சி கொடுக்கலாமா?

நைஸாக அரைத்துக் கரைத்த கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றும். முளைமாவுக் கஞ்சி இன்னும் வேகம். களியாக, அளவோடு, பருப்போ அவரையோ கீரையோ சேர்ந்த குழம்புடன் கொடுத்தால் ஏற்றம் மெதுவாக இருக்கும். இன்சுலின் போட்டபிறகு சாப்பாடு வராமல் தாமதமாவது கஞ்சியைவிடப் பெரிய ஆபத்து. தட்டு கைக்கு வந்ததைப் பார்த்துவிட்டு ஊசி போடும் ஒழுங்கு வார்டில் இருக்க வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது. நோயாளி ஏன் இளைக்கிறார்?

தட்டில் வைத்ததைத்தான் கணக்கெடுக்கிறோம். திரும்பிப் போன தட்டை யாரும் பார்ப்பதில்லை. சாப்பாடு வரும் நேரத்தில் நோயாளி ஸ்கேனுக்குப் போயிருப்பார், ரவுண்ட்ஸ் நடந்துகொண்டிருக்கும், கட்டு மாற்றுவார்கள். திரும்பி வரும்போது சோறு ஆறி விறைத்திருக்கும். வலது கையில் ஊசி குத்தியிருக்கும், இடது கையால் பிசையத் தெரியாது. பல் செட் வீட்டில் இருக்கும். வாய்ப்புண்ணுக்குக் காரக் குழம்பு எரியும். மலச்சிக்கலில் பசி செத்துவிடும். ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டவர் காலை எட்டரை வரை, பதின்மூன்றரை மணி நேரம், வெறும் வயிற்றில் கிடப்பார்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கட்டில் தலைமாட்டில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு வேளையும் தட்டை நான்காகப் பிரித்துக் குறியுங்கள்: முழுசு, முக்கால், அரை, கால், ஒன்றுமில்லை. கூட இருக்கும் அம்மாவோ அண்ணனோ எழுதலாம், எழுதத் தெரியாதவர் வட்டம் வரைந்து நிழலிடலாம். தொடர்ந்து இரண்டு நாள் அரைத் தட்டுக்குக் கீழே போனால் செவிலியரிடம் காட்டுங்கள். மதியம் அரை மணி நேரம் அவசரமில்லாத பரிசோதனைகளை நிறுத்திவைப்பதும், ஊசியைச் சாப்பிடும் கைக்கு மறு கையில் போடுவதும், படுக்கும் முன் பாலும் ஒரு பிடி பொட்டுக்கடலையும் கொடுப்பதும் வார்டு அளவிலேயே முடிவெடுக்கக்கூடியவை. உதவி தேவைப்படுபவரின் தட்டு மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் பரிமாறுபவருக்குச் சொல்லாமலே தெரியும். பிரிட்டன் மருத்துவமனைகளில் இதற்குச் சிவப்புத் தட்டு வைக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் 2,088 நோயாளிகளிடம் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், ஆளுக்கேற்பக் கணக்கிட்டு உணவு கொடுத்த பிரிவில் 30 நாள் இறப்பு 7 சதவீதம், வழக்கமான சாப்பாடு கொடுத்த பிரிவில் 10 சதவீதம். புது மருந்து எதுவும் அங்கே தரப்படவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி போட வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். இலேசான திட உணவும் பாலும் 6 மணி நேரம் முன்பு வரை, தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்பு வரை. எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம். கஞ்சி தெளிந்த நீரல்ல. நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவர், கர்ப்பிணி, குடல் அடைப்பு உள்ளவருக்கு மயக்க மருத்துவர் வேறு நேரம் சொல்வார். பட்டியலில் கடைசியாக இருப்பவர்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார். அறுவை மறுநாளுக்குத் தள்ளிப்போனால் அந்த நிமிடமே சாப்பாடு கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாம் நாளும் பட்டினியில் தொடங்கக் கூடாது.

முட்டை, பருப்பு சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும் என்கிறார்களே?

சீழ் கிருமியால் வருவது. தையல் சேரத் தேவைப்படும் புரதத்தையே பத்தியம் என்று நிறுத்துகிறோம். முட்டை, பருப்பு, மீன், கொள்ளு எல்லாம் கொடுக்கலாம். பெரியவர்களோடு வாதிட்டுப் பயனில்லை. "கத்திரிக்காய், கருவாடு வேண்டாமென்றால் விட்டுவிடுங்க பாட்டி, ஆனா முட்டைக்கு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று ஒன்றை விட்டு ஒன்றை வாங்குவதுதான் நடக்கும்.

பத்து நாளாகச் சாப்பிடாதவருக்கு உடனே நிறையக் கொடுக்கலாமா?

கூடாது. பட்டினியில் உடம்பு மாவுச்சத்தை எரிப்பதை நிறுத்திவிட்டிருக்கும். திடீரென்று சோறோ குளுக்கோஸோ போனால் இன்சுலின் ஏறி, ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியத்தைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். சாப்பிடத் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் நன்றாக இருந்தவர் சரிவது இதனால்தான்.

பி.எம்.ஐ. 16-க்குக் கீழே, ஆறு மாதத்துக்குள் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு, பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய பட்டினி, சாப்பாடு தொடங்கும் முன்பே இந்த உப்புகள் குறைவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆபத்து. மது பழக்கம் உள்ளவரிடம் இன்னும் கவனம் தேவை. தொடக்கம் கிலோவுக்கு 10 கலோரி, 40 கிலோ ஆளுக்கு நாளுக்கு 400. நான்கு முதல் ஏழு நாளில் படிப்படியாக ஏற்ற வேண்டும். தயாமின் (வைட்டமின் பி1) நாளுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் சாப்பாட்டுக்கு முன்பே தொடங்கிப் பத்து நாள் தொடரும். முதல் நாட்களில் தினமும் ரத்தத்தில் உப்பு அளவு பார்க்க வேண்டும். இவை டாக்டரின் வேலை. வீட்டார் செய்ய வேண்டியது, பாசத்தில் மறைத்துப் பிரியாணிப் பொட்டலம் நீட்டாமலிருப்பது.

மூக்கு டியூப் வழியாக வீட்டுக் கஞ்சி ஊற்றலாமா?

ஊற்றலாம், கணக்கோடு. லிட்டருக்கு: பால் 500 மில்லி, முளைராகி மாவு 60 கிராம், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு (பச்சையாக 40 கிராம்), கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 30, சர்க்கரை 40, எண்ணெய் 20 மில்லி, உப்பு அரை டீஸ்பூன். காய்ச்சி, மிக்ஸியில் அடித்து, நைலான் வடிகட்டியில் இரண்டு முறை வடித்து, கொதித்தாறிய நீர் விட்டு லிட்டராக்குங்கள். சுமார் 1,050 கலோரி, 40 கிராம் புரதம். சர்க்கரை நோய், கிட்னி நோய் இருந்தால் இந்த அளவு பொருந்தாது. ஒரு மாதத்துக்கு மேல் போனால் வைட்டமின் போதாது, திரவ மருந்தாகச் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியவை. மூக்கருகில் டியூபில் உள்ள குறி நகர்ந்திருக்கிறதா பாருங்கள். செவிலியர் உறிஞ்சிப் பார்க்கும் திரவம், அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளில் 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் டியூப் வயிற்றில் இருக்கிறது. காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்பதை நம்ப முடியாது, நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். சந்தேகமென்றால் எக்ஸ்ரே எடுக்கும்வரை எதையும் ஊற்றக் கூடாது. தலைமாடு 30 முதல் 45 டிகிரி, ஊற்றிய பின்பும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே. 200 முதல் 250 மில்லி, மூன்று மணிக்கொரு முறை. சிரிஞ்சை அழுத்தாமல் தூக்கிப் பிடித்து, தானாக இறங்கட்டும். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர்.

டியூப் அடைப்புக்குக் காரணம் முக்கால்வாசி மாத்திரைதான். ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியே பொடித்து, இடையில் தண்ணீர் விடுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. அடைத்தால் வெதுவெதுப்பான நீரை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், கம்பி விடாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உடனே கஞ்சியை நிறுத்துகிறார்கள். ஆன்டிபயாட்டிக்கும் இனிப்புச் சிரப்பும் காரணமாக இருக்கலாம், காலையில் காய்ச்சிய கஞ்சியை மாலையிலும் ஊற்றியதாக இருக்கலாம். வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரம், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம். அதற்கு மேல் வைக்காதீர்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு வாயில் எப்போது கொடுக்கலாம்?

விழுங்கும் சோதனைக்குப் பிறகுதான். முழு விழிப்பில், நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, பேச்சு ஈரமாகக் கரகரக்கிறதா என்று செவிலியர் பார்ப்பார். வந்தால் நிறுத்தம். இவர்களுக்கு நீர்த்த கஞ்சிதான் கெடுதல், வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கும். மேலே சொன்ன முளைமாவு வித்தை இங்கே வேண்டாம், கெட்டியாகவே இருக்கட்டும். களியோ அதைவிட ஆபத்து. நம் ஊரில் களியை மெல்லாமல் உருண்டையாக விழுங்கியே பழக்கம். பழக்க தோஷத்தில் விழுங்கினால் தொண்டையில் அடைக்கும்.

கிட்னி, கல்லீரல் நோயாளிகளுக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டாமா?

டயாலிசிஸ் தொடங்காத கிட்னி நோயில் குறைப்பது உண்டு, அளவை டாக்டர் சொல்வார். டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழ், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். பழைய அறிவுரையையே வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டு இளைத்துப்போகிறவர்கள் நிறைய. இளநீர், கீரைச்சாறு, பழச்சாறு, சோடியம் குறைத்த உப்பு ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். மே, ஜூனில் கிருஷ்ணகிரியில் மாம்பழத்தை மறுப்பது கஷ்டம்தான். டயாலிசிஸ் அன்று ஒரு கீற்று என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கல்லீரல் சுருக்கத்தில் புரதத்தைக் குறைப்பது பழைய பழக்கம். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். ராத்திரி படுக்கும்முன் ஒரு சிற்றுண்டி கட்டாயம், ஓர் இரவுப் பட்டினி இவர்களுக்கு மற்றவரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம்.

காசநோயாளிக்குத் தனி உதவி உண்டா?

உண்டு. நிக்ஷய் போஷன் திட்டத்தில் சிகிச்சைக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் 500 ஆக இருந்தது. பணம் வராமல் போவதற்குப் பொதுவான காரணம் கணக்கு விவரம் பதிவாகாததோ கணக்கு முடங்கியிருப்பதோதான், பாஸ்புக்கோடு காசநோய்ப் பிரிவில் கேளுங்கள். 2022-ல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பிலாத் திட்டம், நோய் கண்டதுமே கடும் மெலிவு, மூச்சுத் திணறல், நிற்க முடியாமை இவற்றைப் பார்த்து வார்டில் சேர்க்கச் சொல்கிறது. பி.எம்.ஐ. 14 என்றால் "மாத்திரை கொடுங்க, வீட்டுக்குப் போறோம்" என்பது சரிப்படாது.

மெலிந்த குழந்தைக்கு?

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள், கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, அல்லது இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தால் கடும் ஊட்டக்குறைவு. ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் நாட்களில் இரண்டு மணிக்கொரு முறை, ராத்திரியிலும், 100 மில்லிக்கு 75 கலோரியுள்ள இலேசான பால் கலவை. இரும்புச் சத்து மருந்து உடனே வேண்டாம், பசி திரும்பி எடை ஏறத் தொடங்கிய பிறகுதான்.

புரதப் பவுடர் டப்பா வாங்கலாமா?

டப்பாவின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 கிராமில் எவ்வளவு புரதம், ஒரு வேளைக்கு எத்தனை ஸ்பூன் என்று பாருங்கள். சத்து பானம் என்று விற்கும் பல பவுடர்களில் ஒரு வேளைக்குக் கிடைப்பது 3 கிராம், ஒரு முட்டையில் அதைப்போல் இரண்டு மடங்கு. மெல்லவே முடியாதவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், டியூபில் இருப்பவர்களுக்கு உண்மையான மருத்துவ உணவுப் பவுடர் உதவும். மற்றவர்களுக்கு அந்தக் காசில் முட்டையும் கடலையும் வாங்கலாம்.

பென்னாகரம், அரூரிலிருந்து பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவருகிறோம். பரவாயில்லையா?

சுடச்சுட ஹாட்பாக்ஸில் அடைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட்டால் பரவாயில்லை. மூடியைத் திறந்தால் ஆவி வர வேண்டும். காலையில் கொண்டுவந்த சாம்பார் சோற்றை ராத்திரிக்கு வைக்காதீர்கள், கட்டிலுக்கடியில் வைத்த பால் இன்னும் மோசம். வேர்க்கடலை உருண்டை, பொட்டுக்கடலை மாவு, வாழைப்பழம், தோலுரிக்காத அவித்த முட்டை பயணத்தைத் தாங்கும். முட்டையையும் அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

மூன்று விஷயம், சீட்டில் எழுத்தில்: இன்றைய எடை, ஒரு நாளுக்கான புரத இலக்கும் அதற்கு வீட்டுச் சாப்பாட்டில் எவ்வளவு என்ற கணக்கும், மறுபடி எடை பார்க்கும் தேதி. "நல்லா சாப்பிடுங்க" என்று எழுதினால் திருப்பிக் கேளுங்கள். ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கும் வசதி 2023-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. அதை வாங்கினால் முளைகட்டி அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். எடையை ரேஷன் கடைத் தராசில் பார்க்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒரே மெஷினில், காலையில் சாப்பிடும் முன் பாருங்கள். ஒரு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.